கரண்ட் போன ராத்திரிகள்

பைண்டு செய்த தொடர்கதைக்கு ஒரு வாசனை உண்டு. மைதாப் பசை, அதில் பூச்சி அரிக்காமல் இருக்கக் கலக்கும் மயில்துத்தம், பத்திரிகைத் தாள் மஞ்சளாகும்போது வருகிற லேசான இனிப்பு நெடி எல்லாம் சேர்ந்தது அது. போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. திறந்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. மேலாகக் கிடந்தது 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் வாராவாரம் வந்ததை அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, அவென்யூ ரோட்டில் கொடுத்து, முதுகில் சிவப்புக் காலிகோ ஒட்டி வாங்கியது. சில பக்கங்களின் பின்னால் பாதி ஜோக்கும் பாதி பல்பொடி விளம்பரமும் இருக்கும். அந்த விளம்பரங்கள்கூட எனக்கு மனப்பாடம்.

"என்ன மேடம், பழைய கணக்குப் புஸ்தகமா?" என்று ஏணி மேலிருந்த பையன் கன்னடத்தில் கேட்டான்.

பேய்க்கதை என்றேன். பிரஷ்ஷை டப்பா மேல் வைத்துவிட்டு, "எங்க ஊர்க் கிணத்துல ஒண்ணு இருக்கு மேடம்" என்று ஆரம்பித்துவிட்டான். ராய்ச்சூர்ப் பக்கத்துப் பையன். நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஏணிக்குக் கீழே உட்கார்ந்தேன். அன்று ஹாலின் ஒரு சுவர் பாக்கி நின்றது. எனக்கு ஒரு கிணறும், அதற்குள் மத்தியானத்தில் மட்டும் கேட்கிற சலங்கையும் கிடைத்தன.

பல வருடங்களாகத் தமிழ் மாத நாவல்களிலும் வார இதழ்களிலும் பேய்க்கதை எழுதிவருகிறேன். அதைக் கேள்விப்பட்டதும் எல்லோரும் முதலில் கேட்பது, "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்துதான் எழுதுவீங்களா?" என்பது. நான் காலையில் எழுதுகிறவள். ஐந்து மணிக்கு டிகாஷன் இறங்குகிற சத்தத்தோடு என் நாள் தொடங்கும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுவேன். ஆறரைக்குப் பால் பாக்கெட், ஏழுக்குக் குக்கர், எட்டுக்குள் கணவருக்கு டிபன். இதற்கு நடுவே ஒரு சுமங்கலி கிணற்றில் விழ வேண்டும், ஒரு குழந்தை சுவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டீபன் கிங்கும் காலையில் உட்கார்ந்து எழுதுகிறவர்தான். ஒருநாள் விடாமல் உட்காருகிற அந்த ஒழுங்கைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது, சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அவருடைய முதல் நாவலான 'கேரி'யின் ஆரம்பப் பக்கங்களை அவர் கசக்கிக் குப்பையில் போட்டதும், மனைவி டபிதா அதை எடுத்துப் படித்து மேலே எழுதச் சொன்னதும் பலருக்குத் தெரிந்த விஷயம். 1974-இல் அந்தப் புத்தகம் வந்தது. பேய்க்கதைக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள் என்று நான் நினைப்பதற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். பெரிய காரணம் ஜாலஹள்ளி.

அப்பாவுக்கு பி.இ.எல். தொழிற்சாலையில் வேலை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இல் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஜாலஹள்ளிக்கு வந்து குவிந்தார்கள். பக்கத்திலேயே எச்.எம்.டி. நாங்கள் குடியிருந்தது குவார்ட்டர்ஸில் இல்லை, வெளியே ஒரு காம்பவுண்டில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள். வீட்டுக்கார அஜ்ஜியும் அவருடைய மகன் குடும்பமும் முன்வீட்டில். நாங்கள் திருநெல்வேலி. எங்களுக்கு வலப்பக்கம் பெங்காலிகள், இடப்பக்கம் மலையாளிகள். கடைசியில் எச்.எம்.டி.யில் வேலை பார்த்த மங்களூர் மாமாவும், சில வருடங்களுக்கு ஒரு பஞ்சாபிக் குடும்பமும். முற்றத்துக்கு நடுவில் ஒரு துணி துவைக்கிற கல், ஓரமாக ஒரு சம்பங்கி மரம்.

அப்போது கர்நாடகத்தில் கரண்ட் பெரும்பாலும் ஷராவதி ஆற்றுத் தண்ணீரிலிருந்து வந்தது. மழை பொய்த்தால் மின்வெட்டு. கோடையில் ராத்திரி ஏழரைக்குப் போனால் ஒன்பதுக்கோ பத்துக்கோ வரும். 1905-லேயே தெருவுக்கு மின்விளக்கு போட்ட ஊர் இது, சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து. எங்கள் காலத்தில் அந்த ஊரே மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. விளக்கு போனதும் ஆறு வீட்டுக் கதவும் திறக்கும். பாய்கள் வரும். விசிறிகள் வரும். எங்கள் ஆச்சி தன் வெற்றிலைப் பெட்டியோடு துவைக்கிற கல்லில் ஏறி உட்காருவாள்.

ஆச்சி சொன்ன இசக்கிக் கதைகளை நான் இன்னும் முழுதாக எழுதி முடிக்கவில்லை. அவள் குரலை உயர்த்த மாட்டாள். "அப்பம் என்ன ஆச்சுன்னு நெனைக்கே?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவாள். கிள்ளி முடிக்கிறவரைக்கும் முற்றத்தில் ஒருவரும் மூச்சு விட மாட்டோம். அவளுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. பாதி பேருக்கு அவள் பேசும் தமிழ் புரியாது. அம்மா பாதியைக் கன்னடத்தில் சொல்ல, மலையாள சேச்சி மீதியை இந்தியில் சொல்ல, கதை முற்றத்தைச் சுற்றி வரும். கதை போய்ச் சேராத மூலையில் இருக்கிறவர்கள், மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே முன்கூட்டிப் பயப்படுவார்கள்.

பிறகு மற்றவர்கள் முறை. சேச்சியின் யட்சி பாலை மரத்தில் இருப்பவள், வெள்ளை உடுத்தி வழியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். (இதைக் கேட்ட ராத்திரி ஆச்சி தன் சுண்ணாம்பு டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.) பஞ்சாபி ஆன்ட்டியின் சுடைலுக்குப் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும். மங்களூர் மாமா பஞ்சுர்ளி, குளிகன் என்று தன் ஊர்த் தெய்வங்களைப் பற்றிச் சொல்லும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவை பேய்கள் இல்லை, காவல் நிற்பவை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். 2022-இல் 'காந்தாரா' படம் வந்து உலகமே அந்தப் பெயர்களைச் சொன்னபோது, அந்தக் கழற்றி வைத்த செருப்பு ஜோடிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கார அஜ்ஜி சொன்னதில் பேய் குறைவு. பிளேக் அதிகம். 1898-இல் பெங்களூரில் கொள்ளைநோய் வந்தபோது அஜ்ஜியின் பாட்டி சின்னப் பெண்ணாம். எலி செத்து விழுந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்களாம். திரும்பி வந்தபோது தெருவில் எந்தெந்த வீட்டில் கதவு திறக்கவில்லை என்பதை அஜ்ஜி வரிசையாகச் சொல்வார், தான் நேரில் பார்த்த மாதிரி. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்த நோய்க்குப் பிறகு ஊரை விரித்துக் கட்டிய பேட்டைகள் என்று நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இங்கே கோவில் இருக்கிறது. கற்பனைப் பேய் எதுவும் எனக்கு அந்தத் திறக்காத கதவுகளின் கிட்டே வந்ததில்லை. பூட்டிய வீடு ஒன்று இல்லாமல் நான் கதை எழுதியதும் இல்லை.

ஆனால் அந்த முற்றத்தில் எங்களை அதிகமாக ஆட்டிவைத்தது பெங்காலி மாஸியின் நிஷி. நிஷி ராத்திரியில் வாசலுக்கு வந்து, நமக்குப் பிரியமானவர்களின் குரலில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பதில் சொல்லிவிட்டால் பின்னாலேயே போய்விட வேண்டியதுதான். தப்பிக்க வழி ஒன்று உண்டு. நிஷியால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது. அதனால் ராத்திரி யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவை கூப்பிடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மாஸி இதைச் சொன்ன மறுநாளிலிருந்து அந்தக் காம்பவுண்டில் இருட்டிய பிறகு ஒருவரும் முதல் கூப்பிடலுக்குப் பதில் சொல்வதில்லை. அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்று தடவை. எதிர்வீட்டு அக்கா, அஜ்ஜியின் மருமகள், உறை மோர் கேட்டு வந்தாலும் மூன்று தடவை. மாஸி குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன பிறகும் அந்த வழக்கம் எங்களிடம் நின்றுவிட்டது.

அப்போதே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கதை முடிந்ததும் கேள்வி கேட்பேன். மழை பெய்தால் இசக்கி எங்கே ஒதுங்குவாள்? யட்சி சேலையை யார் துவைப்பார்கள்? அப்பா அதட்டுவார். ஆச்சி மட்டும் யோசித்துப் பதில் சொல்வாள். "அவ நனைவா. நனைஞ்சிக்கிட்டேதான் நிப்பா. அதான் அவளுக்குக் கோவம்." இந்த ஒரு பதிலிலிருந்து பின்னால் ஒரு முழு நாவல் எழுதினேன்.

'கொலையுதிர் காலம்' வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அதை எழுதிய சுஜாதா அப்போது பெங்களூரில், அதே பி.இ.எல்.லில் பொறியாளர். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கும் வேறு பிரிவு. ஆனாலும் தமிழ்நாடு முழுக்க வாராவாரம் பயந்துகொண்டிருந்த கதை எங்கள் சங்கு ஊதுகிற எல்லைக்குள்ளிருந்து புறப்பட்டுச் சென்னைக்குப் போய், அச்சாகி, மறுபடி ரயிலில் ஜாலஹள்ளிப் பெட்டிக்கடைக்கு வருகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும். ரேடார் செய்கிற இடத்தில் பேயும் செய்கிறார்கள்! அந்தப் பெருமையை இன்றைக்கும் என்னால் அடக்கிச் சொல்ல முடியவில்லை.

குமுதம் வந்த அன்று ராத்திரி அம்மா முற்றத்தில் படிப்பாள். விளக்கு இருந்தாலும் அரிக்கேன்தான் வேண்டும் என்று நாங்கள் அடம் பிடிப்போம். கதையில் வக்கீல் கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானத்தில் விடை தேடுவான், அவனுடைய ஜூனியர் வசந்த் பேய்தான் என்பான். எங்கள் காம்பவுண்டும் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. தொழிற்சாலை ஆண்கள் எல்லோரும் கணேஷ் கட்சி. லேசர், லென்ஸ், ஒளி என்று சேச்சியின் கணவர் மண்ணில் குச்சியால் படம் போட்டு விளக்குவார். அதைக் கேட்டுக்கொண்டே ஆச்சி, "எல்லாஞ்சரி, அந்தப் பொம்பளப் பிள்ள பயந்தது நெசந்தானே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு படம் போட்டவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். சுஜாதாவிடம் நான் கற்றது அந்த இரண்டு பேர் வழக்குதான். நம்புகிறவன் ஒருவன், நம்பாதவன் ஒருவன், இருவரையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். 'கரையெல்லாம் செண்பகப்பூ'விலும் கிராமத்து ஜமீன் வீட்டில் ராத்திரிச் சத்தங்களை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார். பின்னால் வந்த 'ஆ' இன்னும் நெருக்கமானது. அங்கே சத்தம் வருவது ஒரு மனிதனின் தலைக்குள்ளிருந்து. அதைப் பல தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பகலில்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைக் கையில் கொடுத்தது அப்பா. "நம்ம ஊர்க்காரர், படி" என்றார். 1943-இல் வந்த கதை. கதை சொல்கிறவனே ஒரு எழுத்தாளன். மனைவி இரக்கப்பட்டு ஒருத்தியை வீட்டோடு வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான் தொடக்கம். அந்தக் கதையில் பயம் மூக்கு வழியாக வருகிறது, வாசனையாக. படித்த அன்று முற்றத்துச் சம்பங்கி பூத்திருந்தது. ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு வியர்த்தபடி தூங்கினேன். உலகத்தில் எத்தனையோ பேரைப் பிறகு படித்தாயிற்று. தமிழில் பேய்க்கதை எழுத வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் நீட்டுவது இன்றும் இதைத்தான்.

உல்சூர் ஏரிக் கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1950-இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் உட்கார்ந்து படித்த சனிக்கிழமைகளில்தான் ஆங்கிலப் பேய்க்கதைக்காரர்களைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். எம்.ஆர். ஜேம்ஸ் என்று ஒருவர். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் பெரிய பதவியில் இருந்த படிப்பாளி. கிறிஸ்துமஸுக்கு முந்திய ராத்திரி நண்பர்களைத் தன் அறையில் உட்கார வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில், தான் எழுதிய பேய்க்கதையைப் படித்துக் காட்டுவாராம். 1904-இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "அங்கேயும் முற்றம் இருந்திருக்கு பாரு" என்றாள் அம்மா.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர்கள் இருந்த பேட்டைகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் போயின. ஊரடங்கு. ஆச்சி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். தமிழில் எழுதியிருந்த பெயர்ப் பலகையை அப்பா சாயங்காலமே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். சாமி படத்துக்குக்கூட விளக்கேற்றவில்லை. அது நாங்களே அணைத்துக்கொண்ட விளக்கு. தெருவில் கும்பல் போகிற சத்தம் கேட்டது, தள்ளிப் போனது, மறுபடி கேட்டது. கதைகளில் பயம் எப்படிக் கூடும் என்று எனக்குத் தெரியும், வரி வரியாகக் கூடும். அன்று அப்படி இல்லை. வயிற்றில் ஒரே கனமாக வந்து உட்கார்ந்துகொண்டு அசையவே இல்லை.

நடுராத்திரிக்கு மேல் பின்கதவில் தட்டு. ஒரு பெண்குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அப்பா கையைக் காட்டினார், அசையாதே என்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி என் பெயர். குரல் எதிர்வீட்டு அக்காவுடையதுதான். ஆனால் அந்த ராத்திரி எந்தக் குரலை நம்புவது? அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்தது. பிறகு மூன்றாவது தடவை.

அம்மா எழுந்து போய்த் தாழைத் திறந்தாள்.

அக்கா எங்களை முன்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கலவரம் அடங்குகிறவரை அஜ்ஜியின் உள்ளறையில் இருந்தோம். வாசற்கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு அஜ்ஜி முன்னால் உட்கார்ந்திருந்தார், பாக்குவெட்டியோடு. கும்பலிலிருந்து இரண்டு பேர் வந்து ஏதோ கேட்டதும், அஜ்ஜி ஏதோ சொல்லி அனுப்பியதும் காதில் விழுந்தது. என்ன சொன்னார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அக்காவிடம் நான் பல வருடம் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு ஏன் மூன்று தடவை கூப்பிட்டீர்கள் என்று. "இல்லேன்னா நீங்க எப்படிக் கதவு திறப்பீங்க?" என்றார் அவர், அதில் சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது என்பது போல.

அதே பத்தாண்டில்தான் பெங்களூர்க் கதவுகளிலும் சுவர்களிலும் 'நாளே பா' என்ற எழுத்து முளைத்தது. ராத்திரியில் ஒரு பெண்பேய் வந்து தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டுகிறது, திறந்தால் உயிர் போகும், வாசலில் நாளைக்கு வா என்று எழுதி வைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும் என்றார்கள். ஆந்திரத்திலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. 2018-இல் 'ஸ்த்ரீ' என்ற இந்திப் படம் இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டுதான் ஓடியது. நான் அந்த நாட்களில் ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம், சிவாஜிநகர் என்று சந்து சந்தாகப் போய்க் கதவுகளைப் பார்த்தேன். சாக்பீஸில், கரியில், சிவப்புப் பெயிண்டில். சில வாசல்களில் கன்னடத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. வருகிற பேய் எந்த பாஷை படிக்கும் என்று தெரியாதே என்று ஒரு அம்மாள் எனக்கு விளக்கினார். எழுதிய கையெழுத்துகளையெல்லாம் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டேன். என் முதல் நாவல் அந்தக் கதவுகளிலிருந்து வந்தது.

உல்சூர் வழியாகப் போகும்போதெல்லாம் இன்னொன்றும் கண்ணில் படும். 1991-இல் வைத்து, திறக்க முடியாமல் போர்த்தி வைத்த திருவள்ளுவர் சிலை. பஸ் ஜன்னலில் பார்த்தால் துணிக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் வடிவம் மட்டும் தெரியும். மழையில் துணி ஒட்டிக்கொள்ளும்போது தோளும் முட்டியும் தெரியும். பேய்க்கதை எழுதுகிறவளுக்கு அதைத் தாண்டிப் போவது சுலபமில்லை. 18 வருடம் அப்படியே இருந்தது. 2009 ஆகஸ்டில் முதல்வர் எடியூரப்பா இருக்க, கருணாநிதி வந்து திறந்தார். சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. உல்சூர்க் கூட்டத்தில் நானும் அக்காவும் போய் நின்றோம். அக்கா வள்ளுவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தாடி நல்லா இருக்கு" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் பயம் டி.வி.க்குக் குடிபோனது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்ம தேசம்' வந்த ராத்திரிகளில் தெருவே அடங்கிக் கிடக்கும். ஆறு வீட்டுக்காரர்களும் ஆறு டி.வி. முன்னால் தனித்தனியாகப் பயந்தார்கள். அவர் தெய்வத்தையும் மர்மத்தையும் பிசைந்து எழுதிய விதம் எனக்குப் பெரிய பாடம், 2024-இல் அவர் காலமான செய்தி வந்த அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் முற்றம் காலியானது அந்தக் காலத்தில்தான். காம்பவுண்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். சம்பங்கி மரம் போனது.

இப்போது நாங்கள் இருக்கிற அடுக்குமாடியில் கரண்ட் போனால் விளக்கு ஒரு தடவை சிமிட்டும், அதற்குள் ஜெனரேட்டர் உறுமிவிடும். இருட்டு என்பதை இங்கே பிறந்த பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அதனால் இருட்டைத் தேடி நான்தான் போக வேண்டியிருக்கிறது. கல்பள்ளி இடுகாட்டில் கல்லறை கழுவுகிறவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். சைத்ர மாதப் பௌர்ணமிக்குக் கரகம் தர்மராயசுவாமி கோவிலிலிருந்து புறப்படுகிற ராத்திரி, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து ஓடிவர, திரௌபதியாகப் பூக்கோபுரத்தைத் தலையில் வைத்து ஒருவர் ஆடி வருவதைப் பார்க்க வருடா வருடம் போவேன். வழியில் அது மஸ்தான் தர்காவுக்கும் போய் வரும். விடியும்வரை கண் விழித்து நின்றால், ஒரு ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கணவரோடு சுற்றியதும் உண்டு. ஆண்டர்சன் பெங்களூரில் வாழ்ந்து 1974-இல் இங்கேயே இறந்தவர், தமிழும் கன்னடமும் பேசியவர். ஆட்கொல்லிப் புலியைப் பற்றித்தான் எழுதினார், ஆனால் மரத்து மேல் பரண் கட்டி உட்கார்ந்து இருட்டைக் கேட்கிற பக்கங்களை எந்தப் பேய்க்கதைக்காரரும் படிக்க வேண்டும். இலை விழுகிற சத்தத்தையும் காலடி வைக்கிற சத்தத்தையும் அவர் பிரித்துச் சொல்கிற நேர்த்தி என் கணவருக்கும் பிடிக்கும். இத்தனைக்கும் அவர் என் நாவல்களை இரவில் தொட மாட்டார்.

இப்போது எனக்குக் கதை அதிகம் கிடைப்பது ராத்திரி டியூட்டி செக்யூரிட்டிகளிடம். ஒடிசா, பீகார், அஸ்ஸாம் என்று பழைய ஜாலஹள்ளி முற்றம் இப்போது கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. போன வருஷத்திலிருந்து அமாவாசை ராத்திரிகளில் மொட்டைமாடி விளக்கை அணைத்து வைக்கக் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். பிள்ளைகள் பாயோடு வருவார்கள், பெரியவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். எட்டாவது மாடித் தெலுங்குப் பெண், தன் தாத்தா ஊர்க் கொரிவி தெய்யம் என்கிற கொள்ளிவாய்ப் பேயைப் பற்றிச் சொன்ன ராத்திரி ஒருவரும் லிப்டில் தனியாக இறங்கவில்லை, ஏழெட்டுப் பேராக நெருக்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள். நிஷியின் விதியை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இன்டர்காமில்கூட இப்போது சில பிள்ளைகள் மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கிறார்களாம்.

அஸ்ஸாம் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அவன் ஊரில் குளத்தோரம் 'பாக்' என்று ஒன்று இருக்கிறது. மீன் என்றால் அதற்கு உயிர், இடுப்பில் ஒரு பை வைத்திருக்கும், அந்தப் பையைக் கைப்பற்றினால் அது நமக்கு அடங்கும். 2024-இல் 'அரண்மனை 4' படத்தில் அதைக் காட்டினார்களே என்றேன். "சினிமாவில் வந்தது வேற, எங்க பாட்டி பார்த்தது வேற" என்றான் அவன், கொஞ்சம் கோபமாக. பாட்டிக்கு அஸ்ஸாமிய மொழி மட்டும்தான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவன் நடுவில் நின்று இந்தியில் சொல்வதாக ஏற்பாடு. கேட்க வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். பாக் மீனைச் சுட்டுத் தின்னுமா, பச்சையாகவா? முள்ளை எங்கே துப்பும்? மழைக்காலத்தில் குளம் நிரம்பிக் கரை முழுகினால் எங்கே போய் இருக்கும்?